சாத்தான்குளத்தில் கடல் எந்தப் பக்கம்?

நான்காவது கோல் விழுந்தபோது நான் அணியின் பஸ்ஸுக்குள் இருந்தேன். வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

சாத்தான்குளத்துக்கு வெளியே உடைமரங்களுக்கு நடுவில் ஒரு மைதானம். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி வாரி பஸ்ஸின் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பல்லுக்கு இடையில் நறநறவென்றது. ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தேன். எதிரணிப் பையன்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக் கூத்தாடிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணாச்சி, எதுத்து ஆடுறது யாரு?"

"திருநவேலி காலேஜ் பயலுவ."

"அப்ப நாம?"

"தொழில்முறை அணி."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

என் மடியில் ஒரு பை. பையில் பதினோரு பக்க அறிக்கை, சுருள்கம்பி போட்டு, மேலே வழவழப்பான அட்டையோடு. அதன் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "தற்காப்பு: இந்த அணியின் தலையாய பலம். சீசன் முழுவதும் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை." கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து. இன்னும் இடைவேளைகூட ஆகவில்லை.

கப்பலை அளந்தவன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் சர்வேயர். கப்பலின் உடம்பில் முன்னால், நடுவில், பின்னால் என்று இரண்டு பக்கமும் எண்கள் எழுதியிருக்கும். சிறு படகில் கப்பலைச் சுற்றி வந்து, தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்கவேண்டும். சரக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு முறை, ஏற்றிய பின் ஒரு முறை. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்து எத்தனை டன் நிலக்கரி, எத்தனை டன் உரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அடுத்தவர்களின் எடையைத் துல்லியமாகச் சொல்வது என் தொழில். என் எடையைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

கால்பந்துக்கும் எனக்கும் உள்ள உறவு அதைவிடச் சுருக்கமானது. இளவயதில் தெரு அணிக்குக் கீப்பராக நின்றிருக்கிறேன். நான் கோலில் நிற்கிறேன் என்று தெரிந்தால் எதிரணியில் சண்டை வரும், யார் முதலில் அடிப்பது என்று. கடைசியில் எங்கள் அணியே எனக்குப் பின்னால் கோட்டின் மேல் ஒருவனை நிறுத்தியது. ஏட்டில் அவன் பின்வரிசை ஆட்டக்காரன். உண்மையில் கீப்பர் அவன்தான். நான் அவனுக்கு வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு தொழில்முறை அணியின் பலம், பலவீனத்தை அளந்து எழுதச் சொன்னவர் பொன்ராஜ் அண்ணாச்சி. உப்பளக்காரர். உப்பு ஏற்றும்போதெல்லாம் என் அறிக்கையை வைத்துத்தான் வியாபாரம் பேசுவார். நாலைந்து சீசனுக்கு முன்பு அவருடைய அணி உள்ளூர் ஆட்டங்களைத் தாண்டி, சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் மாநில லீக்குக்குள் நுழைந்திருந்தது. கோச் புதியவர். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் புதியவர்கள்.

"கப்பலையே அளக்குதிய. இருவத்தஞ்சு பயலுவள அளக்க மாட்டியளா?" என்றார் அண்ணாச்சி.

"பயலுவ உடம்புல நம்பர் இருக்காதே அண்ணாச்சி."

"ஏன், முதுவுல எழுதியிருக்குல்லா?"

அப்போதே மறுத்திருக்கவேண்டும். ஆனால் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று ஒரு பதவி உண்டு என்றார். முகவரி அட்டைகூட அடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் நான் நோட்டுப் புத்தகத்தோடு மைதானத்தில் இருந்தேன்.

பதினோரு பக்கம்

மூன்று வாரம், காலையும் மாலையும் பார்த்தேன். முன்வரிசையில் ஒன்பதாம் நம்பர் நல்ல வேகம். ஆனால் ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த இரண்டு நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏழாம் நம்பரிடம் பந்து போனால் திரும்பி வராது, கோலுக்கும் போகாது. எங்கே போகிறது என்று மூன்று வாரமும் பார்த்தேன். நடுவரிசையில் இரண்டு பேர் ஓடுகிறார்கள், மூன்றாமவர் கை காட்டுகிறார். அவருக்கு நேராக, "கை நன்றாக இருக்கிறது. காலைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று எழுதினேன்.

குறைகளில் மற்றவை: உயரம் போதாது, தலையால் அடிக்கவேண்டிய பந்துகள் எல்லாம் எதிரிக்கே. இடது காலால் கார்னர் அடிக்க ஆளில்லை. கடைசி இருபது நிமிடம் மூச்சு வாங்குகிறது. மாற்று ஆட்டக்காரர்கள்: இருக்கிறார்கள்.

பின்வரிசைக்கு வந்ததும்தான் பேனா ஓடியது. மூன்று பேர். இடது பக்கம் சாத்தான்குளத்துச் சுடலைமுத்து, வலது பக்கம் பெரியதாழைக் கடற்கரையிலிருந்து வந்த லிபின், நடுவில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கோஃபி. மூவருக்கும் பின்னால் கீப்பர் கஸ்பார். எங்கள் மைதானத்தில் ஐந்து பயிற்சி ஆட்டங்களில் வாங்கியது ஒரே கோல். அதுவும் பெனால்டி. பந்து வரும் முன்பே மூவரும் சரியான இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். கயிறு கட்டி இழுத்ததுபோல் இருக்கும்.

கஸ்பாரிடம் மட்டும் அளக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வயது முப்பத்து நான்கு. உயரம் சுமார். இரண்டு முழங்காலிலும் பட்டை. எம்பிக் குதித்தால் எனக்கே பயமாக இருக்கும். விடாமல் கத்துவான். 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில், "சத்தம் அதிகம்" என்று எழுதி வைத்தேன். பலத்திலும் சேர்க்கவில்லை, குறையிலும் சேர்க்கவில்லை.

கஸ்பாருக்கு அந்த அறிக்கை விளையாட்டு இல்லை. அவன் கப்பல்காரன். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் கிடந்துவிட்டு, இந்த அணிக்காகத்தான் கரையேறியவன். அணியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கோச் சசிதரன் கேரளக்காரர். அவருக்குத் தெரிந்த கீப்பர் ஒருவர் திருச்சூரில் பெட்டி கட்டித் தயாராக இருந்தார். லீக்குக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க சனிக்கிழமை மாலை கடைசி. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை கஸ்பார் மும்பைக்கு ரயிலேறவேண்டும். கப்பல் ஏஜெண்ட் வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பயிற்சி முடிந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, மூத்தவ பொறந்தப்ப நான் பிரேசில் பக்கம் கெடந்தேன். மூணு நாளு சிக்னல் இல்ல. அப்புறம் வாட்சப்புலதான் பிள்ளை மொகத்தப் பாத்தேன். என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு இப்ப ஏழு மாசம். இதுக்காவது கரையில இருக்கணும்."

"நான் என்ன செய்யணும்லே?"

"ஒண்ணும் வேண்டாம். உள்ளத எழுதுங்க, போதும்."

உள்ளதைத்தான் எழுதினேன். 'தற்காப்பு தலையாய பலம். கீப்பரை மாற்றவேண்டாம்' என்று முடித்தேன். பொன்ராஜ் அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "ஒரு ஆட்டம் வெளியூர்ல வச்சிப் பாத்துருவோம், கோச்சுக்கும் திருப்தியா இருக்கும்" என்றார். அப்படித்தான் புதன்கிழமை சாத்தான்குளம் வந்தோம்.

மூன்று விரல், ஒரு தோள்குலுக்கல்

இடைவேளையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டிரைவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

தண்ணீர்க் கேனைச் சுற்றி ஆட்டக்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் லிபினும் சுடலைமுத்துவும் மூக்கோடு மூக்கு.

"ஏலே, கடலுக்குன்னு சத்தம் குடுக்காரு. நீ எங்கலே ஓடுத?" என்றான் லிபின்.

"நான் கடலுக்குத்தாம்ல ஓடுனேன். நீதான் நாங்குநேரிக்கு ஓடுன."

"ஒனக்குக் கடலு எந்தப் பக்கம்லே?"

"அங்கன," என்று சுடலைமுத்து கிழக்கே கை நீட்டினான். "திருச்செந்தூர் அங்கனதான இருக்கு?"

லிபின் தெற்கே காட்டினான். "பெரியதாழை இங்கன இருக்கு. எங்க வீட்டுக் கொல்லையில வந்து அலை அடிக்கும். எனக்குத் தெரியாதா?"

கஸ்பாரைப் பார்த்தேன். "ஒனக்கு எந்தப் பக்கம்?"

அவன் யோசிக்காமல் வடகிழக்கு மூலையில் இருந்த கார்னர் கொடியைக் காட்டினான். தூத்துக்குடி அந்தத் திசை.

கோஃபி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தவன். தோளைக் குலுக்கினான். "இங்க கடல் இல்ல அங்கிள்," என்றான். நால்வரில் சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. எங்கள் மைதானம் கடற்கரைச் சாலையை ஒட்டியது. நீளவாக்கில் ஒரு பக்கக் கோட்டுக்கு அப்பால் கடல், மறுபக்கம் சாலையும் வீடுகளும். கஸ்பார் யாருக்கும் இடது, வலது என்று சொன்னதே இல்லை. "முத்து, கரைக்கு", "கோஃபி, கடலுக்கு", அவ்வளவுதான். இரண்டு சீசனாக அவர்கள் அதைக் கேட்டே ஓடிப் பழகிவிட்டார்கள். கயிறு கட்டி இழுத்தது அந்தச் சத்தம்தான். நான் அதை 'இதர குறிப்புகள்' பகுதியில் போட்டிருந்தேன்.

"எடது வலதுன்னு சொன்னா என்னலே?" என்று கஸ்பாரிடம் கேட்டேன்.

"அவன் என்னைப் பாத்து ஓடி வாரப்ப அவன் எடது எனக்கு வலது. யாரு எடதுன்னு ரெண்டு பேரும் யோசிக்கணும். யோசிக்கதுக்குள்ள கோலு. கடலு யாருக்கும் திரும்பாதுல்லா அண்ணாச்சி?"

கோச் சசிதரன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கஸ்பார் கத்துவது எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

இதற்கிடையில் சுடலைமுத்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்துவிட்டான். பக்கத்துக் கடல் பெரியதாழைதான் என்று அது காட்டியது.

"பாத்தியா?" என்றான் லிபின்.

"பக்கத்துல இருந்தா அதுதான் கடலா? கோயில் இருக்கிற பக்கம்தாம்ல கடலு."

"எங்க ஊர்லயும் கோயில் இருக்குலே."

பெங்களூரில் ஒரு துண்டு

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். என்னால் முடியவில்லை. என் வீட்டிலும் இதே கதைதான்.

என் மனைவிக்கு இடது, வலது கிடையாது. "கடப்பக்க ஸ்விட்சைப் போடுங்க", "கரைப்பக்கத் தட்டுல சீனி இருக்கு" என்றுதான் சொல்வாள். எனக்கும் அது உறைத்ததே இல்லை. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபோது குளியலறையிலிருந்து துண்டு கேட்டாள். எந்தக் கொடியில் என்று கேட்டேன். "கடப்பக்கம்" என்றாள். ஒன்பதாவது மாடியில் துண்டு இல்லாத கையோடு நான் கடலைத் தேடி நின்றேன். மருமகன் பொறியாளர். மங்களூர்க் கடலா, சென்னைக் கடலா என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு மூன்று வாரத்தில் இது காதில் விழவில்லை. காதில் விழுந்தது, வித்தியாசமாகப் படவில்லை. மீன் தொட்டியை அளக்கப் போனவன் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுபோல.

அதைவிட வெட்கம் இன்னொன்று. என் தொழிலில் முதல் நாள் பாடம் இதுதான்: உப்புத் தண்ணீரில் மிதக்கும் கப்பல் நல்ல தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாக அமிழும். அதனால் எண்ணைப் படிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன் அடர்த்தியைப் பார்க்கவேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வாளியை மறந்ததில்லை. இந்த அணியை மட்டும் ஐந்து ஆட்டமும் ஒரே தண்ணீரில் வைத்து அளந்துவிட்டு, எங்கே போனாலும் இப்படித்தான் மிதக்கும் என்று எழுதியிருக்கிறேன். போன சீசன் வரை லீக் ஆட்டங்கள் எல்லாம் எங்கள் மைதானத்திலேயே நடந்தன. இந்த சீசனில் பாதி ஆட்டம் வெளியூரில்.

சாத்தான்குளத்து மைதானத்துக்கு மேற்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, உயரமான தூண்களின் மேல் நின்றது. கஸ்பார் அதைக் காட்டினான். "ஏலே, கேட்டுக்கிடுங்க. செகண்ட் ஹாஃப்புக்கு அந்தத் தொட்டிதான் கடலு."

இரண்டாம் பாதியில் ஒரே கோல்தான் விழுந்தது. ஐந்துக்குப் பூஜ்யம். ஆனால் எதிரணி அதற்குள் தங்கள் நல்ல ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டது. கோச் அதைக் கவனித்திருந்தார்.

"சாரே, பாதி ஆட்டம் வெச்சு நான் எப்படி நம்பறது?" என்றார். "வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில மதுரை டீமோட மேட்ச். கஸ்பார் நிக்கட்டும். டிஃபென்ஸ் ஒழுங்கா நின்னா, அவன். இல்லெங்கில் திருச்சூருக்கு ஃபோன்."

நான் தலையாட்டினேன். கஸ்பாரும் தலையாட்டினான். தலையாட்டியதில் ஒரு வித்தியாசம், எனக்கு ரயிலேற வேண்டியதில்லை.

நான் கடலான கதை

கோவில்பட்டி மைதானம் கரிசல் மண். நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் மதில். தொட்டி இல்லை, மரம் இல்லை, கோபுரம் இல்லை. ஹாக்கிக்குப் பேர்போன ஊர்; அவர்களுக்குக் கோல்போஸ்ட் தவிர வேறு அடையாளம் எதற்கு. ஆட்டம் தொடங்கும் முன் கஸ்பார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். கடலாக இருக்கத் தகுதியுள்ள பொருள் ஒன்றும் தென்படவில்லை.

ஒரு பக்கக் கோட்டுக்கு அருகில், தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"சர்வேயர் அண்ணாச்சி இருக்க பக்கம் கடலு," என்றான் கஸ்பார்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டார்கள். கோஃபி கட்டைவிரலை உயர்த்தினான். கஸ்பார் ஓடிவந்து குனிந்து சொன்னான்: "அண்ணாச்சி, ஆட்டம் முடியுத வரைக்கும் அசையாதிய."

ஒரு மனிதனுக்கு இதைவிடச் சுலபமான வேலை கொடுக்க முடியாது. உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடையைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

முதல் பாதியில் மதுரைக்காரர்கள் அலையலையாக வந்தார்கள். "கோஃபி, கடலுக்கு" என்று குரல் வரும். கோஃபியின் கண் ஒரு கணம் குடையைத் தொடும். அடுத்த கணம் அவன் என் பக்கம் வந்து பந்தைப் பிடுங்கியிருப்பான். "முத்து, கரைக்கு." முத்து எனக்கு முதுகைக் காட்டி ஓடுவான். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. இதற்குள் நம் ஒன்பதாம் நம்பர், வானத்தைப் பார்க்காத ஒரு நேரத்தில், ஒரு கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் டீ வந்தது. உட்கார்ந்தபடியே குடித்தேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். எதிர்ப்பக்கக் கோட்டருகே ஒரு கார் வந்து நின்றது. அவசரமாக நான்கைந்து நாற்காலிகள் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் இறங்கினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"தூத்துக்குடியிலிருந்து வருகை தந்திருக்கும் கால்பந்து வல்லுநர் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

மேடை என்று ஒன்று இல்லை. வல்லுநர் என்றும் யாரும் இல்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கையசைத்து மறுத்தேன். இரண்டாம் முறை அழைத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, "ஐயா, வந்தாத்தான் பொன்னாடை போட முடியும். தலைவர் அடுத்த விசேஷத்துக்குப் போகணும்" என்றார்.

பொன்னாடை.

என் வாழ்நாளில் என்னை யாரும் வல்லுநர் என்று சொன்னதில்லை. கல்யாணத்தில் போட்ட மாலைக்குப் பிறகு என் தோளில் எதுவும் விழுந்ததில்லை. பந்து அப்போது மதுரைக்காரர்களின் கோலுக்கு அருகில் இருந்தது. போய்விட்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். டன் கணக்கில் சரக்கை அளந்தவனின் கணக்கு.

எழுந்து கோலுக்குப் பின்னால் சுற்றி நடந்தேன். வெயில், அதனால் குடையும் விரித்தபடியே என்னோடு வந்தது.

நீலச் சரிகை போட்ட பொன்னாடை. தோளில் விழுந்ததும் கூசியது, நன்றாகவும் இருந்தது. புகைப்படக்காரர், "ஐயா, குடையை அப்படியே பிடிங்க, மூஞ்சில நெழல் நல்லா விழுது. இன்னொண்ணு எடுத்துக்கிடுதேன்" என்றார். சிரித்தேன்.

பின்னால் பந்து உதைபடும் சத்தம் கேட்டது. பிறகு கஸ்பாரின் குரல்.

"கோஃபி, கடலுக்கு."

திரும்பினேன். கோஃபியின் கண் பழைய நாற்காலிக்குப் போனது. காலி. அவன் தலை சுழன்று மைதானம் முழுவதும் தேடிக் கறுப்புக் குடையைக் கண்டுபிடித்தது. என்னை நோக்கி, நான் இப்போது நின்ற எதிர்ப்பக்கக் கோட்டை நோக்கி, உயிரைக் கொடுத்து ஓடிவந்தான். என்னை நோக்கி வருகிறான் என்ற சந்தோஷத்தில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் விட்டு வந்த இடத்தில் மதுரைக்காரன் ஒருவன் தனியாக நின்று, நிதானமாக, கோல் அடித்தான்.

கஸ்பார் வலைக்குள்ளிருந்து எழுந்தான். முழங்கால் பட்டை அவிழ்ந்து தொங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினான்.

"அண்ணாச்சி, கடலை எங்க கொண்டுபோயிட்டிய?"

கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் குரலே சிரிப்பாக இருந்திருக்கும். நான் பொன்னாடையோடு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அரை மைதானம். நாற்காலியில் விழுந்து குடையைப் பிடித்தேன். மீதி நேரத்தில் மேற்கொண்டு கோல் விழவில்லை. ஒன்றுக்கு ஒன்று. சமன்.

எட்டயபுரத்துக்கு முன்னால்

திரும்பும் பஸ்ஸில் கோச் முன்னிருக்கையில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். கீப்பர் என்ற இடம் காலியாக இருந்தது. அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு வரிசை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திருச்சூர்.

அவர் எடுக்கவில்லை. பின்னால் திரும்பிக் கஸ்பாரைக் கேட்டார். கோல் விழுந்தபோது கோச் கோட்டுக்கு வெளியே ஒரு மாற்று ஆட்டக்காரனைத் தயார்செய்துகொண்டிருந்தாராம், திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கஸ்பார் கத்தியதையும் வழக்கமான சத்தம் என்று விட்டுவிட்டாராம்.

"எந்தா பற்றியே? அந்த கோல் எப்படி?"

கஸ்பார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தப்புதான் கோச். சத்தம் லேட்டாக் குடுத்துட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை. மடியில் மடித்து வைத்திருந்த பொன்னாடையின் சரிகை என் உள்ளங்கையில் குத்தியது.

உடனே எழுந்தேன் என்று எழுத ஆசை. எழவில்லை. இதைச் சொன்னால் தூத்துக்குடியில் இனி எந்த டீக்கடையில் உட்கார முடியும் என்று யோசித்தேன். பொன்ராஜ் அண்ணாச்சி இனி உப்பை அளக்கவாவது கூப்பிடுவாரா என்று யோசித்தேன். இந்த யோசனைக்கு இரண்டு ஊர் கடந்துவிட்டது. பிறகு ஸ்டெல்லாவின் ஏழாம் மாதம் நினைவுக்கு வந்தது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன்.

"கோச், அந்தக் கோல் என்னது."

"எந்து?"

"கஸ்பார் சரியான நேரத்துலதான் சத்தம் குடுத்தான். நான்தான் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் போயிட்டேன்." பொன்னாடையைக் காட்டினேன். "இதை வாங்க."

அவர் பொன்னாடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோஃபியைப் பார்த்தார்.

கோஃபி காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றினான். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னான்:

"கடல் நடந்துச்சு, கோச்."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. லிபின்தான் முதலில் சிரித்தான். பிறகு முத்து. பிறகு டிரைவர் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்துவிட்டுத்தான் எடுத்தார். கோச் சிரிக்கவில்லை. மதுரைக்காரர்கள் எத்தனை முறை உள்ளே வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். நான் எழுந்து நடந்த அந்த ஒரு முறை தவிர, ஒரு முறைகூடப் பின்வரிசை தப்பான பக்கம் போகவில்லை. இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு திருச்சூருக்குத் தானே கூப்பிட்டு, பெட்டியைப் பிரித்துவிடும்படி மலையாளத்தில் சொன்னார்.

கஸ்பார் எழுந்து பஸ்ஸின் கடைசி இருக்கைக்குப் போனான். வீட்டுக்குப் பேசினான். "ஆமா... இல்ல, போகல... ஏளா, அழாத, பஸ்ஸுல எல்லாரும் இருக்காவ" என்பது மட்டும் கேட்டது.

மறுநாள் காலை அறிக்கையைத் திருத்தி எழுதினேன். 'இதர குறிப்புகள்' பகுதியிலிருந்து கஸ்பாரின் சத்தத்தை எடுத்து, பலம் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகப் போட்டேன். வெளியூர் மைதானம் எதுவானாலும் முதல் நாளே போய், கடல் எது என்று முடிவு செய்து கொள்ளவேண்டும், அது கட்டடமாகவோ மரமாகவோ இருக்கவேண்டும் என்று எழுதினேன். குறைகளின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்.

பொன்ராஜ் அண்ணாச்சி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார்.

"தொழில்நுட்ப ஆலோசகர்: யாராவது மரியாதை செய்யக் கூப்பிட்டால் நகர்ந்துவிடுகிறார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு என்ன செய்யலாம்னு எழுதலியே?"

பேனாவை வாங்கி அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: "வெளியூர் ஆட்டங்களுக்கு அழைத்துச் செல்லவேண்டாம்."

அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை கஸ்பாரின் பெயரோடு பட்டியல் போய்ச் சேர்ந்தது. அந்த சீசனின் வெளியூர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நான் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில்தான் பார்த்தேன்.